சிற்றூர்க் காதல் நாவல்களுக்குத் தனி அலமாரி: எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். அமெரிக்கச் சிற்றூர்களைக் களமாகக் கொண்ட காதல் நாவல்களை எடுத்துச் செல்லும் உறுப்பினர்களில் பலர், பாதியிலேயே திருப்பிக் கொடுத்து, "யார் யாரோ வருகிறார்கள், கதை பிடிபடவில்லை" என்று குறைப்பட்டுக்கொள்கின்றனர். பிழை நூல்களில் இல்லை, நாங்கள் அடுக்கிய முறையில்தான் இருந்தது. அவற்றை மில்ஸ் அண்ட் பூன் பதிப்பகத்தின் காதல் நூல்களோடு கலந்து வைத்திருந்தோம். இம்மாதம் முதல் தனி அலமாரியில், முதுகுப்புறம் வரிசை எண் ஒட்டி வைத்திருக்கிறோம்.

மில்ஸ் அண்ட் பூன் கதைகளில் பெரும்பாலானவை இருவருக்குள் தொடங்கி இருவருக்குள் முடிபவை. எதை முதலில் எடுத்தாலும் நட்டமில்லை. சிற்றூர் நாவல்களிலோ, காதலர்கள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறினாலும் ஊர் மாறுவதில்லை. முதல் நூலில் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர் நான்காம் நூலில் நாயகனாகிவிடுவார். முதல் நூலில் மணந்தவர்கள் ஐந்தாம் நூலில் கைக்குழந்தையோடு தெருவில் எதிர்ப்படுவார்கள். வரிசை தவறினால் அந்தச் சந்திப்பின் சுவை போய்விடுகிறது.

அமெரிக்க நாவலாசிரியர் டெபி மெக்கோம்பர் தம் சிடார் கோவ் வரிசைக்கு, வாஷிங்டன் மாநிலத்தில் தாம் வசித்த போர்ட் ஆர்ச்சர்ட் ஊரையே மாதிரியாகக் கொண்டார். 2001-இல் வந்த முதல் நூலில், குழந்தையைப் பறிகொடுத்து மணவிலக்குக் கேட்டு வரும் இளம் தம்பதிக்கு ஒலிவியா என்ற நீதிபதி அதைத் தர மறுக்கிறார். ஊர் முழுவதும் அதைப் பற்றிப் பேசுகிறது, கதையும் அந்தப் பேச்சின் வழியே வீடுவீடாக நகர்கிறது. பன்னிரண்டு நூல்களின் தலைப்புகளும் வீட்டு முகவரிகளே. முகவரி எண்ணின் தொடக்கத்தைப் பார்த்தாலே வரிசை தெரிந்துவிடும்: 16 என்றால் முதலாவது, 204 என்றால் இரண்டாவது, 1022 என்றால் பத்தாவது. இவ்வளவு காலம் இதைக் கவனிக்காமல் அடுக்கியிருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

ராபின் கார் 2007-இல் தொடங்கிய வர்ஜின் ரிவர் வரிசையைத்தான் பலர் 2019 முதல் நெட்ஃபிளிக்ஸ் தொடராகப் பார்த்துவிட்டு வந்து கேட்கிறீர்கள். கணவரை இழந்து லாஸ் ஏஞ்சலிஸை விட்டு வட கலிபோர்னிய மலையூருக்கு வரும் மெல் ஒரு செவிலி, மருத்துவச்சி. அமெரிக்க மரைன் படையின் முன்னாள் வீரர் ஜாக் அங்கே மதுக்கூடம் நடத்துகிறார். மதுக்கூடம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஊரார் சாப்பிடவும் வம்பளக்கவும் கூடும் அந்த இடம் கிட்டத்தட்ட நம் திண்ணைதான். ஜாக்கின் பழைய படைத்தோழர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர, இரத்த உறவே இல்லாத ஒரு குடும்பம் உருவாகிவிடுகிறது. (இத்தனை சின்ன ஊருக்கு இத்தனை கட்டிளங்காளைகள் எங்கிருந்துதான் வருகிறார்களோ என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு.)

இவ்வகை உறவை 'தேர்ந்துகொண்ட குடும்பம்' என்கின்றனர். பெற்றவர்கள் ஒதுக்கிய தன்பாலின ஈர்ப்பாளர்கள் பலர் நண்பர்களையே குடும்பமாக ஆக்கிக்கொண்டதை, சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆராய்ந்து 1991-இல் நூலாக எழுதினார் மானுடவியலாளர் கேத் வெஸ்டன். காதல் நாவல்களில் அதே பெயர் விதவை, படைவீரர், தனித்து வாழும் தாய் என எல்லோருக்கும் விரிந்திருக்கிறது. 'கூடப் பிறக்காத அண்ணன்' என்று உரிமையோடு சொல்லிப் பழகிய நமக்கு இதில் புதுமை குறைவு. வேறுபாடு ஒன்றுதான்: நமக்கு அந்த அண்ணன் இருக்கிற சொந்தத்தோடு கூடுதலாக வருகிறார், அந்நாவல்களின் நாயகிக்குப் பெரும்பாலும் வேறு சொந்தமே எஞ்சியிருப்பதில்லை.

கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கும் உறுப்பினர்கள் தாராளமாகப் படிக்கலாம். நம்பிக்கை தரும் முடிவு இருந்தால்தான் அது காதல் நாவல் என்று அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கமே வரையறுத்திருப்பதால், முடிவில் மறைக்க எதுவுமில்லை.

இனி ஒரு வரிசையின் மூன்று நூல்களை ஒருசேர எடுத்துச் சென்று, இருபது நாள்களில் திருப்பித் தரலாம். வாடகையிலும் முன்பணத்திலும் மாற்றமில்லை. இடையில் ஒரு நூல் வெளியே சென்றிருந்தால், பதிவேட்டில் பெயர் எழுதிச் செல்லுங்கள், வந்ததும் தகவல் சொல்கிறோம். சிடார் கோவில் 44 என்று தொடங்கும் நான்காம் நூல் மட்டும் வெகுநாளாகத் திரும்பவில்லை. வைத்திருப்பவர் கொண்டுவந்து தந்தால், தாமதக் கட்டணம் கேட்கமாட்டோம். அது வராததால் ஐந்தாம் நூலின் வாசலில் மூவர் காத்திருக்கின்றனர்.

இப்படிக்கு,
நூல் நிலையப் பொறுப்பாளர்