சின்னவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது

கல்லடி,
மட்டக்களப்பு.
மார்ச் 2026

அன்புள்ள வசந்தி,

வட்ஸ்அப்பில் நீ குரல் பதிவுக்கு மேல் குரல் பதிவாக அனுப்பியும் நான் வாய் திறக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். போனில் சொல்லக்கூடிய விசயமாக இருந்தால் எப்பவோ சொல்லியிருப்பேன். போனைக் கையில் எடுத்தாலே பக்கத்தில் அம்மா வந்து நிற்பா, இல்லாவிட்டால் மச்சாள் நிற்பாள். அதனால்தான் காகிதம். உன் முழங்கால் எப்படி? மாமியைச் சுகம் கேட்டதாகச் சொல்லு. இங்கே மழை ஓய்ந்து வெயில் பிடித்துவிட்டது. அவ்வளவுதான், இனி விசயத்துக்கு வருகிறேன்.

தம்பி சின்னவனுக்கு ஜனவரியில் ஆண் பிள்ளை பிறந்தது. 47 வயதில் அப்பாவாகிவிட்டான். இவனுக்குப் பெண் பார்த்தே நமக்கெல்லாம் நரைத்துப்போனது என்று நீ சொன்னதை அவன் இன்னும் மறக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு அபேர்ட் சின்ட்ரோம் என்ற பிறவி நோய். 65,000 முதல் 88,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். 1906இல் அபேர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒன்பது பேரை வைத்து விவரித்ததால் அவருடைய பெயரே நிலைத்துவிட்டது.

உனக்குப் பயோ மறந்திருக்காது, தவளையிடம் மன்னிப்புக் கேட்டவள் அல்லவா நீ. பிறந்த பிள்ளையின் மண்டையோடு துண்டு துண்டாக இருக்கும், இடையில் பொருத்துகள் இருக்கும். முதல் வருசத்தில் மூளை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, அதற்கு இடம் கொடுக்கத்தான் அந்த ஏற்பாடு. இவனுக்கு ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தலைக்குக் குறுக்கே போகிற பொருத்து, பிறக்கும் முன்பே எலும்பாகி மூடிவிட்டது. மூளை முன்னுக்கும் பின்னுக்கும் வளர முடியாமல் மேலே தள்ளுகிறது. அதனால் நெற்றி உயரம், பின்மண்டை தட்டை. முகத்தின் நடுப்பகுதி வளராமல் உள்ளே போனதால் கண்கள் வெளியே தள்ளி நிற்கின்றன. தூங்கும்போது இமை முழுவதும் மூடாது, கண் காய்ந்துவிடாமல் ராத்திரியில் மருந்து பூசுகிறோம். மேலண்ணம் குறுகி உயர்ந்திருக்கிறது, பால் குடித்து முடிக்க அரை நாள் போகிறது.

கைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். பெருவிரல் மட்டும் தனியாக நிற்கிறது. மற்ற விரல்கள் தோலால் மட்டுமல்ல, நடுவில் எலும்போடு எலும்பாகச் சேர்ந்து, கைநிறைய எதையோ அள்ளிப் பொத்தியதுபோல் இருக்கின்றன. கால் விரல்களும் அப்படித்தான். வேறு நோய்களிலும் மண்டையோடு இப்படி மூடிப்போவது உண்டு. கையும் காலும் இப்படி ஒட்டியிருந்தால்தான் அபேர்ட் என்று டொக்டர்மார் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன் வசந்தி. தாங்க முடியாதது வீட்டுக்குள் நடக்கிற விசாரணை.

பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா தொடங்கிவிட்டா. 2025 செப்டெம்பர் 7, சந்திர கிரகணம். அன்றைக்குச் சின்னவனின் மனைவி சுகந்தி குசினியில் மீன் வெட்டினாளாம். பிறகென்ன, வருகிற கிழவிகள் எல்லாம் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அவளுடைய முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போனாள். அவள் பதில் பேசாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனதை நீ பார்த்திருக்கவேண்டும். எனக்குத் தலை சூடாகிவிட்டது. அம்மாவைப் பிடித்து இருத்தி, கலண்டரைக் கையில் எடுத்தேன். கரு உண்டாகி எட்டாம் கிழமைக்குள் விரல்கள் பிரிந்துவிடும். கிரகணம் வந்தபோது இவளுக்கு ஐந்தாம் மாதம். பிரியவேண்டிய விரல் எப்பவோ பிரியாமல் போய்விட்டது, இனிச் சந்திரன் வந்து ஒட்டுவதற்கு என்ன இருக்கிறது? அதோடு கிரகணம் பிடித்தது ராத்திரிப் பத்து மணியளவில். இவள் மீன் வெட்டியது பொழுதுபடுகிற நேரம். அம்மா கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, “அப்ப நாவூறாயிருக்கும்” என்றா. ஏ.எல் பிள்ளைகளுக்குப் பரம்பரையியல் படிப்பித்தே பென்ஷன் எடுத்த எனக்கு வீட்டில் இருக்கிற மரியாதை இதுதான்.

இன்னொரு சண்டையும் நடந்தது. தலையைப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அம்மா நல்லெண்ணெயோடு நின்றா. நம்மையெல்லாம் அப்படித்தான் குளிப்பாட்டி உருட்டி எடுத்தாவாம், உன்னுடைய தலைக்கும் தான்தான் பொறுப்பு என்றா (உன் தலையை நான் அத்தாட்சியாக ஏற்றுக்கொள்ளவில்லை). இது வெளியிலிருந்து அமுக்கிச் சரிக்கட்டுகிற விசயமில்லை, உள்ளே மூளைக்கு ஏற்கெனவே இடம் போதாது, தலையில் கைவைக்காதே என்று கத்தியே விட்டேன். இப்போது எண்ணெயை நெஞ்சிலும் முதுகிலும் மட்டும் பூசுகிறா.

இனி உன்னிடம் மட்டும் சொல்லவேண்டியது. அம்மாவுக்கு நான் சொன்னது பாதிதான்.

இது பத்தாம் குரோமோசோமில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற பரம்பரையலகில் வருகிற ஓர் எழுத்துப் பிழை. அந்த அலகு உண்டாக்குகிற புரதத்தில் 252ஆம் இடம், இல்லையென்றால் அதற்கு அடுத்த 253ஆம் இடம். அபேர்ட் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்த இரண்டில் ஒன்றுதான். பெரும்பாலும் தாய் தகப்பனிடம் இந்தப் பிழை இருக்காது, புதிதாக உண்டாகும். அது உண்டாகிற இடம் ஏறக்குறைய எப்போதும் தகப்பனுடைய விந்து, தகப்பனின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. விந்தை உண்டாக்குகிற மூலக்கலத்தில் பிழை ஏறினால், அது விதைக்குள் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகுகிறது என்று கண்டிருக்கிறார்கள். வயதான தகப்பன்மாரிலும் இது மிக மிக அரிது. அப்படி இருந்தாலும், கணக்கு சுகந்தியின் பக்கம் இல்லை, சின்னவன் பக்கம்தான்.

இதைச் சொன்னால் ஒரே நிமிசத்தில் சுகந்தியின் தலையிலிருந்து பழி இறங்கும். ஆனால் எங்கே போய் ஏறும்? அவன் ஏன் 45 வயது வரைக்கும் கல்யாணம் முடிக்கவில்லை என்று உனக்குத் தெரியும். அப்பா போன பிறகு என்னையும் தங்கச்சிமாரையும் கரை சேர்க்கக் கட்டாரில் கிடந்தான். சீதனமாக ஆளுக்கொரு வீடு வேண்டுமே. நான் இந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிற விறாந்தைகூட அவனுடைய காசில் கட்டியதுதான். நாங்கள் ஒவ்வொருத்தராக வீடு குடிபுகுந்த வருசங்கள்தான் அவனுடைய வயதாகக் கூடியிருக்கின்றன. அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன், “தம்பி, உன் வயதும் ஒரு காரணம்” என்று? சொன்னால் அவன் எங்களைக் குறை சொல்லமாட்டான், அதுதான் பயம். எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவான்.

சரி, சொல்லாமல் விடலாம் என்றால், போன கிழமை சுகந்தி கேட்கிறாள், “மச்சாள், இன்னொரு பிள்ளை வந்தாலும் இப்படித்தான் வருமா?” என்று. தாய் தகப்பனுக்கு இல்லாதபோது அடுத்த பிள்ளைக்கும் வருவது மிகக் குறைவு என்று சொன்னேன். நாளைக்கு இந்தப் பிள்ளை வளர்ந்து அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்குப் போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, அதைச் சொல்லவில்லை, அவ்வளவு தூரம் இப்போதே போகத் தேவையில்லை. இனி அவள் “ஏன் வந்தது?” என்று கேட்பாள். அவள் கேட்டால் நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அது டொக்டரின் வாயால், இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும்போது, பிழை என்ற சொல்லே இல்லாமல் வந்தால் நல்லது என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாளுக்கு ஆட்களைக் கூப்பிடவேண்டாம் என்றான் சின்னவன். வந்த கொஞ்சப் பேருக்கும் தெரியக்கூடாதென்று பிள்ளையின் கைகளுக்கு உறை மாட்டிவிட்டான். சுகந்தி எல்லோருக்கும் முன்னால் அதைக் கழற்றி எறிந்தாள். “இதுதான் அவன்ட கை, பாக்கிறவங்க பாத்துட்டுப் போகட்டும்.” வசந்தி, வாய் பேசத் தெரியாத பெட்டை என்று நாம் இரண்டு பேரும் சொன்னோமே, அவள்தான்!

பிள்ளை கெட்டிக்காரன். என் குரல் கேட்டால் தலையைத் திருப்புகிறான். இந்தப் பிள்ளைகளுக்குக் காதுக்குள் நீர் தேங்குவது உண்டென்பதால் அதையும் அடிக்கடி சோதிக்கவேண்டுமாம். படிப்பு ஆளுக்காள் வேறுபடும், தலை ஒப்பரேஷனை முதல் வருசத்துக்குள் செய்வதும் வீட்டுக் கவனிப்பும் உதவும் என்கிறார்கள். பிறகு விரல்களைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். முகத்துக்கு இன்னும் வளர்ந்த பிறகு. வாலிபத்தில் முகப்பரு மற்றவர்களைவிட மோசமாக, முன்கை வரைக்கும் வருமாம். அதற்கு மட்டும் நான் கவலைப்படவில்லை, உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்.

ராத்திரிதான் கஷ்டம். மூக்குப் பாதை ஒடுக்கம், குறட்டை விட்டுக்கொண்டே இருந்து திடீரென்று மூச்சு நிற்கும், பிறகு துள்ளி இழுப்பான். முறை வைத்து முழித்திருக்கிறோம். வேர்வையும் இவனுக்கு அதிகம், அதுவும் இந்த நோயின் குணமாம். பகல் இரவென்று ஃபான் ஓடுகிறது, கரண்ட் பில்லைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

இப்போது உன்னிடம் கேட்பது. கொழும்பில், பொரளையில் இருக்கிற லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிக் கடிதம் தந்திருக்கிறார்கள். ராத்திரி ரயிலில் வந்து இறங்கினால் பொரளைக்குப் போகும் முன் பிள்ளையைக் கிடத்த ஓர் இடம் வேண்டும், ஒப்பரேஷன் என்று வந்தால் கிழமைக்கணக்கில் நிற்கவேண்டியும் வரலாம். உன் பின்னறையைத் தருவாயா? சின்னவன் லொட்ஜில் தங்குவோம் என்று பிடிவாதம் பிடிக்கிறான், நீயே அவனுக்குப் போன் எடுத்து ஏசு, உன்னிடம் இன்னும் பயம் இருக்கிறது. மாமியிடம் முன்கூட்டியே எல்லாம் சொல்லிவை, பிள்ளையைப் பார்த்ததும் “ஐயோ” என்று சொல்லாமல் இருந்தால் போதும். திகதி கிடைத்ததும் தெரிவிக்கிறேன். அறையில் ஃபான் வேலை செய்கிறதா என்று இப்போதே பார்.

அன்புடன்,
இந்திரா