பதநீர் வழித்தடம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வரும் மாசி மாதம் முதல் சனிக்கிழமைகளில் ஜவ்வாது மலைக்கு ஒரு சுற்று வண்டி விடுகிறோம். செய்தி வெளியே போனதிலிருந்து ஒரே கேள்விதான்: "கர்நாடகத்தில் இருக்கிற நந்திமலை திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள் நீங்கள். ஜவ்வாதுவில் ஒயினா கிடைக்கிறது?" கிடைக்காது. ஆனால் ஒயின் ஊர்களில் கற்றுக்கொண்ட ஒன்றை வைத்துத்தான் இந்தச் சுற்றை அமைத்திருக்கிறோம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

ஜெர்மனியில் பிரெஞ்சு எல்லையில் உள்ள ஷ்வைகன் என்ற ஊரிலிருந்து வடக்கே 85 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு ஒயின் சாலை இருக்கிறது. 1935இல் திறந்தார்கள். திறந்தது நாஜி ஆட்சி. நல்ல விளைச்சல் கண்ட நேரத்தில், ஒயின் வாங்கி விற்றுக்கொண்டிருந்த யூத வணிகர்களை ஒடுக்கி விரட்டிவிட்டு, பீப்பாய்கள் தேங்கியதும் சுற்றுலாப் பயணிகளைக் கூப்பிட்டார்கள். பிறந்த கதை அழகானதல்ல. ஆனாலும் அந்த வழியை இன்றும் மக்கள் பயன்படுத்துகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷில் 1971இல் மூன்று தோட்டக்காரர்கள் கைகோத்து இதே போன்ற வழித்தடம் தொடங்கினார்கள். பக்கத்துத் தோட்டக்காரன் போட்டிக்காரன் ஆயிற்றே என்று பார்க்காமல், என்னிடம் வந்தவன் உன்னிடமும் வரட்டும் என்று வழிகாட்டிப் பலகை வைத்தார்கள். எங்களுக்குப் பிடித்தது அந்தப் பலகைதான். ஒரு பெரிய இடத்தில் இறங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே செலவழித்துத் திரும்பினால் நடுவில் இருக்கிற ஊர்களுக்கு மிஞ்சுவது வண்டிப் புழுதி மட்டும். எங்கள் நந்திமலைப் பயணத்தில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

நம் பழைய வட ஆற்காட்டில் திராட்சை இல்லாவிட்டால் என்ன, பனை இருக்கிறது. அதனால் முதல் நிறுத்தம் பதநீர். விடியற்காலை ஐந்து மணிக்கு வேலூரிலிருந்து கிளம்பி, கணியம்பாடி தாண்டி கண்ணமங்கலம் பக்கம் பனந்தோப்பில் இறங்குவோம். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். சாறு புளிக்காமல் பதநீராக இறங்குவது அந்தச் சுண்ணாம்பால்தான். சுண்ணாம்பு இல்லையென்றால் அதே சாறு கள். சுண்ணாம்பு இருந்தாலும் வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும். மரத்தடியில், பனையோலை மடித்த பட்டையில் வாங்கிக் குடிக்கிற பதநீரும், பத்து மணிக்கு மேல் சாலையோரம் பிளாஸ்டிக் டம்ளரில் கிடைப்பதும் ஒன்றல்ல. மிச்சம் இருப்பதைக் காய்ச்சிப் பனைவெல்லம் ஆக்குவதையும் அங்கேயே பார்க்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் பருத்தித் துணி உடுத்தி வாருங்கள்.

"அப்படியே கொஞ்சம் கள்ளும்..." என்று இழுப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அந்தத் தடை சரியா தவறா என்று வண்டியில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள், எங்கள் ஓட்டுநருக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் மரம் ஏறுகிறவரிடம் கேட்காதீர்கள். மாட்டினால் பிழைப்பு போவது அவருக்கு.

போளூரில் காலை டிபன். பிறகு அத்திமூர் வழியாக மலை ஏறி ஜமுனாமரத்தூர். பெரிய ஏசி பஸ் கேட்டவர்களுக்குப் பதில் இந்த வளைவுகளில் இருக்கிறது: பன்னிரண்டு பேர் உட்காரும் வேன்தான், வாரத்துக்கு ஒன்றுதான். மதியச் சாப்பாடு மலைக்காரர் வீட்டில், சாமைச் சோறு. தொட்டுக்கொள்ள நாம் கீழேயிருந்து கொண்டுபோகும் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் குழம்பு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். அது விளைகிற அணைக்கட்டு வட்டாரத்து ஊர்க்காரர்கள் குறியீட்டுக்கு முன்பே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள்தாம். தேன், புளி, சாமை எல்லாம் நேரடியாக விளைவித்தவரிடமே வாங்கலாம். விலையை அவர்கள் சொல்வார்கள், பணத்தை அவர்கள் கையில் கொடுங்கள். எங்களுக்கு அதில் கமிஷன் கிடையாது. சாப்பாட்டுப் பணமும் எங்கள் கட்டணத்தில் சேராது. மற்ற டூர்களைவிட எங்கள் கட்டணம் குறைவாகவும் மொத்தச் செலவு கூடுதலாகவும் தெரிவது இதனால்தான். பேரம் பேசுகிறவர்களை நாங்கள் தடுக்க முடியாது; ஆனால் அடுத்த முறை இடம் கொடுக்க யோசிப்போம்.

பீமன் அருவிக்கும் போவோம். பங்குனி, சித்திரையில் அதில் தண்ணீர் விழும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம்.

மாலையில் காவலூர். 1986இல் தொடங்கிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிற வானாய்வகம் நம் மலையிலேயே இருப்பது வேலூர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பதால்தான் பயணத்தையும் சனிக்கிழமையாக வைத்தோம். அவர்கள் காட்டுவது சிறிய தொலைநோக்கியில். வானம் மூடியிருந்தால் அதுவும் இல்லை. அதற்காகக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். மேகம் எங்கள் கம்பெனி ஊழியர் அல்ல.

இறங்குவது ஆலங்காயம், வாணியம்பாடி வழியாக. ஆம்பூரில் நிறுத்துவீர்களா என்று கேட்காதவர் இல்லை. நிறுத்துவோம். பிரியாணிக்கும் கிராமச் சுற்றுலாவுக்கும் சம்பந்தமில்லை என்று எங்களுக்கும் தெரியும். நிறுத்தாமல் வந்தால் வண்டியில் கலகம் வெடிக்கும்.

பதநீர் ஆனி வரைக்கும்தான். அதற்குப் பிறகு அந்த நிறுத்தம் இல்லாமல் போவோம், பெயரையும் மாற்றிக்கொள்வோம். சீசன் முடிந்த பிறகு சர்க்கரைத் தண்ணீரைப் பதநீர் என்று கொடுக்கிற வேலை நமக்கு வேண்டாம். நந்திமலைப் பயணமும் வழக்கம்போல உண்டு. ஆனால் அங்கே வாங்கிய பாட்டிலைப் பைக்குள் வைத்து எல்லை தாண்டலாம் என்று நினைக்காதீர்கள். சோதனைச் சாவடியில் வண்டியோடு நிற்க வேண்டிவரும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து லாட்ஜில் நாள் கணக்கில் காத்திருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களுக்காக, வார நாள்களில் பனந்தோப்பு வரை மட்டும் போய் ஒன்பது மணிக்குள் திரும்பும் சின்னப் பயணமும் வைத்திருக்கிறோம். லாட்ஜ் நடத்துகிறவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள். நோயாளிகளைக் கூட்டிவர வேண்டாம், துணைக்கு வந்தவர்கள் மட்டும். அந்த வண்டி ஓட்டுநருக்கு இந்தி நன்றாக வரும், வங்காளம் சமாளிக்கிற அளவுக்கு வரும்.

இப்படிக்கு,
உங்கள் டிராவல்ஸ்காரர்கள்,
காட்பாடி