ரத்தத்தைச் சுத்தம் செய்வது கிட்னிக்கு மட்டும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் டயாலிசிஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவது என்றாலே நம் பக்கம் எல்லாரும் கிட்னி என்றுதான் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன், என் அண்ணன் மகளுக்கு மூளையில் அழற்சி வரும்வரை.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். நாலு நாள் தூக்கமே இல்லை, அப்புறம் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு ஓடினாள், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாயை மென்றுகொண்டே இருந்தாள், பெற்ற அம்மாவைப் பார்த்து நீ யார் என்றாள். பாலக்கோட்டில் எங்கள் தெருவே காத்துக் கருப்பு என்றது. வேப்பிலை அடித்துத் தாயத்து கட்டியதில் ஒரு வாரம் போனது. பிறகு காட்டிய மருத்துவமனையில் மனநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், அதில் இன்னும் பத்து நாள். வலிப்பு வந்து பேச்சும் நின்ற பிறகுதான் பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்ததில் நோயின் பெயர் தெரிந்தது. என்எம்டிஏ ரிசப்டர் மூளை அழற்சி. கிருமியை அடிக்க வேண்டிய ஆன்டிபாடி தடம் மாறி மூளை நரம்பு செல்களையே பிடித்துக்கொள்கிறது. 2007-ல்தான் ஜோசப் டல்மாவ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இதை அடையாளம் கண்டார்கள். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வருகிறது. சிலருக்குச் சினைப்பைக் கட்டியால் வரும் என்று வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், இவளுக்குக் கட்டி இல்லை.

ஸ்டீராய்டு ஊசியோடு, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை தொடங்கினார்கள். கழுத்து ரத்தக்குழாயில் ஒரு டியூப். இயந்திரம் சிவப்பணுக்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஆன்டிபாடி கலந்த பிளாஸ்மாவை மட்டும் பையில் இறக்குகிறது, அதற்கு ஈடாக ஆல்புமின் என்ற புரதக் கரைசலை ஏற்றுகிறார்கள். ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம், ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் 5 தடவை. திசுக்களில் தங்கியிருக்கும் ஆன்டிபாடி மெல்ல ரத்தத்துக்கு வந்து சேர வேண்டும், அதற்குத்தான் அந்த இடைவெளி. நல்ல ஆன்டிபாடி உள்ள இம்யூனோகுளோபுலின் மருந்தை இந்த 5 தடவையும் முடிந்த பிறகே ஏற்றினார்கள், முன்பே ஏற்றினால் அதையும் இயந்திரம் எடுத்துவிடுமாம்.

பை நிறைவதையே பார்த்துக்கொண்டிருப்பேன், நல்லெண்ணெய் நிறம். மூன்றாவது தடவை நடக்கும்போது, "உதடெல்லாம் மதமதன்னு இருக்கு அத்தை" என்றாள். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைத்துவிடுவதால் அப்படி ஆகுமாம், நர்ஸ் கால்சியம் கொடுத்ததும் சரியாகிவிட்டது. நான் வெளியே வந்து அழுதேன். பேச்சு நின்ற பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

ஒரே நாளில் குணமாகிவிடவில்லை, ஞாபகம் திரும்பவே மாதக்கணக்கானது. 577 நோயாளிகளை வைத்து 2013-ல் வந்த ஆய்வில், இரண்டு வருஷம் கழித்துப் பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள், சீக்கிரம் சிகிச்சை தொடங்கியவர்களுக்குத் தேறும் வாய்ப்பு அதிகம். நாங்கள் தொலைத்த அந்தப் பதினேழு நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வலிப்பு வந்த பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஓசூர் நெரிசலில் நிற்காமலும் தொப்பூர் கணவாய் இறங்காமலும் இந்தச் சிகிச்சை இங்கேயே ராத்திரி பகல் பார்க்காமல் கிடைக்க வேண்டும், நரம்பியல் மருத்துவர்களும் போதுமான அளவு வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வீடு வீடாக வரும் ஊழியர்களுக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள்: நல்லா இருந்த பிள்ளை சில நாளில் ஆளே மாறி, தூக்கம் கெட்டு, வலிப்பும் வந்தால், மந்திரிக்க விடாமல் அன்றைக்கே நரம்பு டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.