ஆசிரியருக்குக் கடிதம்: எது பிரெஞ்சுப் பாட்டு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரான்ஸ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பாடகி ஆயா நகமுரா பாடியதைச் சுட்டிக்காட்டி, பிரெஞ்சுப் பண்பாடு கரைந்துகொண்டிருக்கிறது என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். நான் பாண்டிச்சேரிக்காரி. 1997-லிருந்து பாரிஸுக்கு வடகிழக்கே, எல்லோரும் 93 என்று எண்ணைச் சொல்லியே அழைக்கும் மாவட்டத்தில் குடியிருக்கிறேன். ஆயா வளர்ந்த ஓல்னே-சூ-புவா எங்களுக்குப் பக்கத்து ஊர். அதனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அன்று ஜூலை 26, விடாத மழை. வீட்டில் மூன்று தலைமுறையும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். என் அப்பா ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர். பிரெஞ்சு மொழியின் காவலர் எனப்படும் பிரெஞ்சு அகாதெமி இருக்கும் கட்டடத்திலிருந்து ஆயா வெளியே வந்து போன் தே ஸார் பாலத்தில் நடந்தார். அங்கே குடியரசுக் காவல்படையின் இசைக்குழு சீருடையில் நின்றது. அந்தச் சிப்பாய்கள் அவருடைய தாளத்துக்கு ஆடியதைப் பார்த்து, ராணுவ ஒழுங்கை உயிராக நினைக்கும் என் அப்பா முகம் மலர்ந்து சிரித்தார்.

சில மாதங்களுக்கு முன்பு நடந்ததை நினைத்தால் அந்தக் காட்சியின் அருமை புரியும். அவர் பாடக்கூடும் என்ற செய்தி கசிந்ததுமே எதிர்ப்பு கிளம்பிவிட்டது. மார்ச் மாதத்தில் ஒரு தீவிர வலதுசாரிக் குழு சேன் நதிக்கரையில் பதாகை பிடித்தது: இது பாரிஸ், பமாக்கோ சந்தை இல்லை என்று. பமாக்கோ அவர் பிறந்த ஊர், மாலியின் தலைநகரம். பரம்பரையாகப் பாடியே வாழும் கிரியோ குலத்தில் பிறந்தவர் அவர். நம் மரபில் பாணர் என்போமே, அப்படி. ஒரு தேர்தல் கூட்டத்தில் அவர் பெயரைச் சொன்னதும் கூச்சலிட்டார்கள். அவர் பாடுவது பிரெஞ்சே இல்லை என்றார்கள்.

சரி, மொழியையே பார்ப்போம். 2018-ல் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோன 'ஜாஜா' பாட்டில், நடத்தை கெட்டவள் என்று பெண்ணை ஏசும் சொல் ஒன்று வருகிறது. என் மகள் அது புறநகர்ப் பிள்ளைகளின் புதுச் சொல் என்று நினைத்திருந்தாள். "இது பழைய சொல்லாச்சே, நாங்க பாளையத்துல கேட்டிருக்கோமே" என்றார் அப்பா. உண்மைதான், பல நூற்றாண்டாக பிரெஞ்சு இலக்கியத்தில் புழங்கும் சொல் அது.

அதே பாலத்தில் அவர் புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாடகர் ஷார்ல் அஸ்னவூரின் பாட்டு ஒன்றிலிருந்தும் பாடினார். கட்டுரையாளர் இதைக் குறிப்பிடவே இல்லை. ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் வேண்டுமென்றே கலந்து எழுதிய பாட்டு அது. அஸ்னவூர் 1924-ல் பாரிஸில் பிறந்தவர், அகதிகளாக வந்த ஆர்மீனியர்களின் பிள்ளை. 2018-ல் அவர் இறந்தபோது நெப்போலியன் கல்லறை இருக்கும் அன்வலீத் வளாகத்தில் தேசிய மரியாதை செய்தார்கள். அவர் மொழி கலந்தால் அழகு, ஆயா கலந்தால் சீரழிவு என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பாட்டு மூழ்கடித்துவிடும் என்று பயந்து 1994-ல் இந்த நாடு ஒரு சட்டம் போட்டது. வானொலியில் ஒலிக்கும் பாட்டுகளில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும், அதில் பாதி புதியவர்களுடையதாகவோ புதிய வெளியீடாகவோ இருக்க வேண்டும் என்றது அது. 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு புதுப் பாட்டுக்கு வானொலிகள் எங்கே போகும்? மார்சேயிலும் பாரிஸ் புறநகர்களிலும் பிரெஞ்சில் ராப் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. அந்த ஆண்டுகளில்தான் ஸ்கைராக் வானொலி ராப் பக்கம் முழுசாகத் திரும்பியது. பிரெஞ்சைக் காப்பாற்றப் போட்ட சட்டம் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடகர்களாக வளர்த்தது. ராப்பில் சொல் நயத்துக்குப் பேர்போன எம்.சி. சொலார் செனகலின் தலைநகர் தக்காரில் பிறந்தவர், பெற்றோர் சாட் நாட்டவர். இவர்களை வெளியாட்கள் என்றால் அந்தச் சட்டம் யாருக்காகப் போட்டதாம்?

கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 2001 அக்டோபரில் பிரான்ஸ்-அல்ஜீரியா கால்பந்துப் போட்டியில் தேசியகீதத்துக்கு ஊளையிட்டார்கள், ரசிகர்கள் மைதானத்தில் இறங்கி ஆட்டமே நின்றுபோனது. அன்று அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். மூன்று வருடம் முன்னால்தான், 1998 உலகக் கோப்பையை வென்ற இரவில், அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஆட்டக்காரர் சிதானின் முகத்தை வெற்றி வளைவின் மேல் ஒளியாகப் பார்த்து நாங்கள் தெருவில் ஆடியிருந்தோம். ஆனால் அந்த ஊளைக்குப் பின்னால் இருந்த கோபத்தை, வேலைக்கு எழுதிப்போட்டுப் பதிலே வராத பிள்ளைகள் நிறைந்த எங்கள் அடுக்குமாடியில் நான் தினம் பார்த்தேன். ஊளையிட்டது தப்பு என்று இன்றும் சொல்கிறேன். அதை வைத்து ஒரு தலைமுறையையே அந்நியர் என்று எழுதுவது அதைவிடப் பெரிய தப்பு.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சுப் பாட்டு என்றால் நம்மவர்களுக்கு அந்தக் காலப் பாடகி எதித் பியாஃபோடு முடிந்துவிடுகிறது. இங்கே இப்போது எழுதப்படும் ராப் வரிகளைத் தமிழில் பொருள் சொல்லி ஒரு தொடராக வெளியிடுங்கள். கொச்சைச் சொற்களுக்கு என் மகள் உதவுவாள். பழைய சொற்களுக்கு அப்பா இருக்கிறார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பாரிஸ் புறநகர்