பழைய சிந்தசைசரின் ஒலியை லேப்டாப்பில் வாசிப்பது பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் கீபோர்டுகளைப் பழுதுபார்த்து வரும் எங்கள் கடையில், பழைய சிந்தசைசர்களின் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கீபோர்டுகளின்) ஒலிகளைக் கட்டை கட்டையாகப் பதிவு செய்து, லேப்டாப்பில் வாசிக்கத்தக்க கருவிகளாக அமைத்துத் தரும் பணியையும் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறோம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கானா மேடைகளிலும் வாசிப்போர், பதினான்கு கிலோ எடையுள்ள கருவியை ஒவ்வொரு கச்சேரிக்கும் ஆட்டோவில் ஏற்றி இறக்க முடியவில்லை என்று சொல்லித்தான் எங்களிடம் வருகிறார்கள். அண்மைக்காலமாக இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எழுவதால் இம்மடலை எழுதுகிறோம். ஒரு கேபிளைச் செருகிப் பதிவு செய்வதற்கு நான்கு நாட்கள் எதற்கு என்பது முதல் கேள்வி. பதிவு முடிந்தபின் கருவியை விற்றுவிடலாமா என்பது இரண்டாவது. விற்க வேண்டாம் என்பதே எங்கள் விடை; அதற்கான காரணம், முதல் கேள்விக்கான விடைக்குள்ளேயே இருக்கிறது.

1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7ஐ எடுத்துக்கொள்வோம். எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படுவது அதன் எலெக்ட்ரிக் பியானோ ஒலி. இக்கருவியில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆறு ஆபரேட்டர்கள் (ஒலியலையை உருவாக்கும் அலகுகள்) சேர்ந்து உருவாக்குகின்றன. அவற்றுள் சில தாமாக வெளியே ஒலிக்காமல், மற்றவற்றை அசைத்து ஒலியின் தன்மையை மாற்றும் வேலையைச் செய்கின்றன. கட்டையை மெல்லத் தொட்டால் மழுங்கலாகவும், ஓங்கி அழுத்தினால் எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டியதுபோல் கணீரென்றும் கேட்பது இதனால்தான். அழுத்தம் கூடும்போது வால்யூம் மட்டுமல்லாமல் ஒலியின் நிறமே மாறுகிறது. ஆகவே ஒரே அழுத்தத்தில் பதிவு செய்துவிட்டு, வால்யூமை மட்டும் ஏற்றி இறக்கினால் அது டிஎக்ஸ்7 ஆகாது. நான்கு அழுத்தங்களில் நான்கு லேயர்களாக (அடுக்குகளாக) எடுத்தபோதும், ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடம் காதில் பட்டது. இப்போது எட்டு எடுக்கிறோம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. டிஎக்ஸ்7இன் சொந்தக் கட்டைகளை எவ்வளவு ஓங்கி அடித்தாலும், மிடி (இசைக்கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறும் முறை) அளவீட்டில் அழுத்தத்தின் உச்சமான 127ஐ அவை எட்டுவதில்லை. ஆனால் கணினியிலிருந்து மிடி வழியாக 127 என்று அனுப்பினால் கருவி அதை ஏற்றுக்கொண்டு, அதன் முன் அமர்ந்து பல்லாண்டு வாசித்தவரும் கேட்டிராத கூர்மையான ஒலியைத் தரும். 1 முதல் 127 வரை சமமாகப் பங்கிட்டு லேயர் அமைத்தால், தங்கள் காதுக்குப் பழகிய ஒலி நடுவில் எங்கோ நெருக்கப்பட்டு, மேலே அந்நியமான ஒன்று வந்து உட்கார்ந்துவிடும். எனவேதான், கருவியை ஒப்படைத்துவிட்டு உடனே புறப்பட முற்படுவோரையும் ஒரு மணி நேரம் அமர்ந்து, வழக்கமாக வாசிக்கும் பாடல்களை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அவ்வாசிப்பை மிடியாகப் பதிவு செய்து, தங்கள் விரல்கள் எந்த எண்களுக்கிடையே நடமாடுகின்றன என்று பார்த்து, லேயர்களை அங்கே அமைக்கிறோம். ஒரே கருவிக்கு இருவர் கேட்டாலும் இரண்டு விதமாகத்தான் அமைக்க வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்கு. 61 கட்டைகளில் மூன்றுக்கு ஒன்று வீதம் எடுத்தால் 21 ஸ்வரங்கள் (இடைக் கட்டைகளுக்குப் பக்கத்துப் பதிவையே சுருதி மாற்றி ஒலிக்க விடுவோம்). எட்டு லேயர்களுக்கு 168 பதிவுகள். ஒவ்வொன்றும் பத்து விநாடி ஒலி, ஐந்து விநாடி இடைவெளி என்று வைத்துக்கொண்டால் 42 நிமிடங்களில் பதிவு முடிந்துவிடும். கணினியே கட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போகும், நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருப்போம். டிஎக்ஸ்7இன் வெளியீடு மோனோ என்பதால், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் மொத்தம் ஏறத்தாழ 242 எம்பி ஆகும். இதே போல் ஒலிகளைப் பதிந்து வாசிக்க 1988இல் வந்த அகாய் எஸ்1000 சாம்ப்ளர் கருவியின் அடிப்படை நினைவகம் 2 எம்பி. ஸ்டீரியோவில் பன்னிரண்டு விநாடிகூட முழுதாக அடங்காது. அன்றைய இடநெருக்கடி இன்று இல்லை.

நாட்கள் செலவாவது அதன் பிறகுதான். அந்த 168ஐயும் ஒவ்வொன்றாகக் காதில் போட்டுக் கேட்கிறோம். தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை வெட்ட வேண்டும். ஒரு பதிவில் மட்டும் சில மில்லிவிநாடிகள் மிஞ்சிவிட்டால், அந்தக் கட்டை மட்டும் தாளத்தில் பின்தங்குவதாக விரல் உடனே உணர்ந்துவிடும். எல்லாப் பதிவுகளையும் ஒரே உச்ச அளவுக்கு உயர்த்துவதும் கூடாது. மென்மையாகத் தொட்ட ஒலியும் ஓங்கி அடித்த ஒலியும் ஒரே சத்தமாகிவிடும். நீண்டு ஒலிக்கும் பேட் வகை ஒலிகளில், பதிவின் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது சுழற்சி திரும்பும் இடத்தில் ‘டிக்’ என்ற ஓசையோ அசைவோ தெரியாதபடி லூப் புள்ளியைத் தேடுவது தனி வேலை. சில ஸ்வரங்களுக்கு அது ஐந்து நிமிடத்தில் கிடைக்கும், சிலவற்றுக்கு அரைநாள் ஆகும்.

எங்கள் பிழை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். தொடக்க காலத்தில், மெல்லிசைக் குழு நண்பர் ஒருவருக்காக ரோலண்ட் ஜூனோ-106இன் பேட் ஒன்றை, அவர் வாசிக்கும் விதமாகவே கோரஸ் (ஒலியை அலையவிட்டுத் தடிமனாக்கும் விளைவு) பொத்தானை அழுத்தியபடி பதிவு செய்து கொடுத்தோம். தனித்தனி ஸ்வரமாகக் கேட்டபோது அசலைவிட்டுப் பிரித்தறிய முடியவில்லை. திருமண வரவேற்பு மேடையில் அவர் நான்கு விரல்களால் கார்டு பிடித்தபோதோ, ஒலி தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கலங்கிவிட்டது. மறுநாள் நாங்கள் கதவைத் திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். ஜூனோவில் ஆறு குரல்களும் (ஆளுக்கொரு ஸ்வரத்தை உருவாக்கும் சுற்றுகள்) ஒன்றாகக் கலந்த பிறகே ஒரே கோரஸுக்குள் செல்கின்றன. நாங்கள் எடுத்ததிலோ ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனிக் கோரஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஒரு பதிவைப் பக்கத்துக் கட்டைக்கு உயர்த்தும்போது அதன் வேகம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடுவதால், அந்தக் கோரஸ்கள் ஒன்றுக்கொன்று வெவ்வேறு வேகத்தில் அலைந்தன. கட்டணமின்றி மீண்டும் எடுத்துக் கொடுத்தோம். அன்று முதல் கோரஸ், வைப்ரேட்டோ ஆகியவற்றை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் எடுத்து, அவற்றை லேப்டாப்பில் தனியாகச் சேர்க்கிறோம். ஜூனோவின் கட்டைகள் அழுத்த வேறுபாட்டை உணராதவை என்பதால் அதற்கு ஒரு லேயரே போதும். எனினும் ஆறு குரல்களின் ஃபில்டர்களும் (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் பகுதிகள்) அச்சில் வார்த்தாற்போல் இருப்பதில்லை என்பதால், ஒவ்வொரு கட்டையையும் ஆறு முறை பதிவு செய்து சுழற்சியில் ஒலிக்க விடுகிறோம். ஆறில் ஒன்று ஊமையாகியிருந்தால், இக்கருவியில் அது அடிக்கடி நேர்வதே, முதலில் பழுதுபார்ப்பு, பிறகே பதிவு.

பிட்ச் பெண்ட் சக்கரத்தால் கமகம் வாசிப்போர் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். சிந்தசைசரில் சக்கரத்தைத் திருப்பும்போது சுருதி மட்டுமே நகர்கிறது. ஃபில்டர் திறந்து மூடும் வேகம் அப்படியே இருக்கிறது. பதிவு செய்த ஒலியில் சுருதியை உயர்த்துவது என்றால் பதிவையே வேகமாக ஓட்டுவது. ஒரு ஸ்தாயி ஏற்றினால் ஃபில்டரின் அசைவும் இரட்டை வேகத்தில் ஓடும். இரண்டு அரை ஸ்வரங்களுக்குள் வளைத்து வாசிப்போருக்கு இது பெரிதாகத் தெரியாது. நாதஸ்வர பாணியில் நீளமாக இழுப்போருக்கு, ஃபில்டரை முழுதாகத் திறந்து பதிவு செய்து, அதன் அசைவை லேப்டாப்பில் அமைத்துத் தருகிறோம். அப்படிச் செய்தும் அசலுக்கு ஓரளவு அருகில்தான் வரும்; கருவியை விற்க வேண்டாம் என்பது இதனால்தான். லீட் (முன்னின்று மெட்டை வாசிக்கும்) ஒலிக்காகவே கருவி வைத்திருப்பவர் அதையே மேடைக்குக் கொண்டுசெல்வது நல்லது என்று நேரிலும் சொல்லியிருக்கிறோம். வருமானத்தை நாங்களே கெடுத்துக்கொள்வதாகக் கடைப் பையன்கள் சிரிக்கிறார்கள்.

ரயில் சத்தம் பதிவில் விழாதா என்று சிலர் கேட்கிறார்கள். மைக் இல்லாமல் கேபிள் வழியே எடுப்பதால் விழாது. எங்களுக்குத் தொல்லை தருவது மின் இணைப்பிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ஹம் எனும் ரீங்காரம்தான். அதற்காக லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுகிறோம், இடையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (கருவிக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான நேரடி மின்தொடர்பைப் பிரிக்கும் பெட்டி) வைக்கிறோம்.

ஏற்கெனவே ஒலிப்பதிவுகளை ரோம் எனும் நிலையான நினைவகத்தில் அடக்கி வரும் கருவிகளைக் குறித்தும் ஒரு சொல். 1994இன் ரோலண்ட் ஜேவி-1080 போன்றவற்றில் உள்ள வயலின், பியானோ முதலியவை அந்த நிறுவனம் பதிவு செய்தவை. ஒலிப்பதிவுக்கு நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அவற்றைத் தொகுத்து விற்பனைக்கு அமைத்துத் தரும் பணியை நாங்கள் ஏற்பதில்லை. இதில் வற்புறுத்த வேண்டாம்.

முடிந்த கருவியை, டீசன்ட் சாம்ப்ளர் என்ற இலவசச் செயலியில் இயங்கும்படி தருகிறோம். கான்டாக்ட் என்ற மற்றொரு செயலியில் கேட்பவர்கள் தங்களிடம் அதன் முழுப் பதிப்பு உள்ளதா என்று பார்த்துக்கொள்ளவும். இலவச பிளேயரில் திறந்தால் சற்று நேரத்தில் ஒலி நின்றுவிடும், பாட்டு நடுவில் அது நின்றால் மேடையில் தங்கள் நிலை என்னாகும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

கருவியைக் கொண்டுவருவோர் எந்த டோன்கள் (ஒலி அமைப்புகள்) வேண்டும் என்று எழுதிக்கொண்டு வரவும். டிஎக்ஸ்7, ஜூனோ-106 இரண்டிலும் தாங்கள் அமைத்த டோன்களைக் காப்பது உள்ளே பற்றவைக்கப்பட்ட 3 வோல்ட் பேட்டரிதான் என்பதால், அதை மாற்றும் முன் எல்லா டோன்களையும் கணினியில் நகலெடுத்து, அந்நகலையும் தங்களிடமே தந்துவிடுவோம். ஜப்பானிலிருந்து வந்த பழைய கருவியாக இருந்தால், பின்புறம் 100 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து, அப்படியிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகிச் சோதிக்காமல் அப்படியே கொண்டுவரவும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
கடைப் பொறுப்பாளர்,
பெரம்பூர், சென்னை.