ரெட் பேங்கிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே பனி நின்றுவிட்டது. ரோட்டோரம் வாரி ஒதுக்கிய குவியல் மட்டும் கறுத்துப்போய்க் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஈ காக்கா இல்லை. நம்மூர்க் கல்யாண வீட்டு ஸ்பீக்கருக்காக நான் ஏங்குவேன் என்று யார் நினைத்தார்கள்!

ரெட் பேங்க் நியூஜெர்சியில் ஒரு சின்ன ஊர்தான். ஆனால் 1904-ல் ஜாஸ் பியானோக்காரர், பெரிய வாத்தியக் குழு நடத்திய கவுண்ட் பேஸி பிறந்தது இங்கேதான். இங்குள்ள கலை மையத்துக்கே அவர் பெயர். அவருடைய அம்மா அடுத்தவர் துணியைத் துவைத்துக் கொடுத்துச் சம்பாதித்தவர். மகனைப் பியானோ கற்க வைத்தார். மகனுக்கோ டிரம்ஸ்மேல்தான் ஆசை. இதே வட்டாரத்து டிரம்ஸ்காரர் சானி கிரீர் தன்னைவிட நன்றாக வாசிப்பதைப் பார்த்துவிட்டுப் பியானோவோடு நின்றுகொண்டாராம். நீங்கள் தவிலை விட்டு கிளாரினெட் எடுத்த கதை ஞாபகம் வந்தது.

போன வாரம் பழைய சாமான் கடையில் பேஸியுடைய இசைத்தட்டு ஒன்று 2 டாலருக்குக் கிடைத்தது. 1963-ல் வந்தது. ஐம்பது, அறுபதுகளின் ஹிட் பாட்டுகள் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. கீழ் வீட்டுப் பெரியவரிடம் பிளேயர் இருந்ததால் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டேன்.

அதற்கு முந்தின வருஷம் ரே சார்ல்ஸ் என்ற பாடகர் பாடி ஊரெல்லாம் முணுமுணுத்த ‘ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ’வும் அதில் இருக்கிறது. வாத்தியங்களுக்கு அதைப் பிரித்து எழுதியவர் குவின்சி ஜோன்ஸ். அவருடைய முதல் கிராமி விருது அதற்குத்தான். பேஸி இரண்டு மூன்று சுரம் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். ஃப்ரெடி கிரீன் என்று ஒரு கிட்டார்க்காரர், 1937-லிருந்து அவரோடு இருந்தவர். மைக்கோ கரண்டோ இல்லாத கிட்டார், தனியாகக் காதில் விழாது. ஆனால் தாளம் மொத்தமும் அதன்மேல்தான் நடக்கிறது, உங்கள் பேண்டு செட்டில் பெரிய டிரம் மாதிரி.

அப்புறம் 1966-ல் பீட்டில்ஸ் பாட்டுகளையும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு எழுதிக் கொடுத்த சிக்கோ ஓ’ஃபாரில் ஹவானாக்காரர், என்னைப் போலப் பிழைக்க வந்தவர். ஆனாலும் அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

பேஸி ஏன் அடுத்தவர் பாட்டை வாசிக்க வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டேன். “அத்தனை பேருக்கும் சம்பளம் யார் தருவது?” என்றார். உண்மைதான். 1950-ல் கட்டுப்படியாகாமல் பெரிய குழுவையே கலைத்திருக்கிறார் பேஸி. 1952-ல்தான் மறுபடி சேர்த்தார்.

அந்தக் கல்யாண ஊர்வலத்தில் பாதிக் கீர்த்தனையில் உங்களை நிறுத்தி, சினிமாப் பாட்டுக் கேட்டார்களே. முகம் சுண்டிப்போய்த்தான் வாசித்தீர்கள். ஆனால் இரண்டாவது சரணத்தில் டிரம்பெட்டைப் பாடவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் கிளாரினெட்டில் பதில் சொன்னீர்கள். சினிமாவில் அது கிடையாது. நான் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பக்கத்திலேயே நடந்து வந்தேன். இன்னும் காதில் இருக்கிறது. அதைத் தம்பியின் செல்போனில் வாசித்து அனுப்புங்களேன், பெரியவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

கிளாரினெட் ரீடு இங்கே நல்லதாகக் கிடைக்கிறது. உங்களுக்கு எந்தக் கனம், இரண்டரையா, மூன்றா?

அன்புடன்,
உங்கள் மூத்தவன்