பல்புக்கும் ரவுட்டருக்கும் நடுவில் நிற்கிறவனின் திறந்த மடல்

வைஃபை வழியாகப் போனிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா செய்து விற்கிறவர்களுக்கும், வீடு வீடாக ஃபைபர் இழுத்து ரவுட்டர் மாட்டித் தருகிறவர்களுக்கும் வணக்கம்.

இரண்டு தரப்பையும் ஒரே மடலில் கூப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பல்பு வேலை செய்யவில்லை என்று பல்பு விற்றவர்களைக் கூப்பிட்டால் "ரவுட்டரைப் பாருங்கள்" என்கிறார்கள். ரவுட்டர் மாட்டியவரைக் கேட்டால் "நெட் நல்லாத்தானே வருது சார், பல்புலதான் ஏதோ கோளாறு" என்கிறார். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நாங்கள்தான்.

மதுரையில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக நான்கு பொருள்கள் மாட்டி வைத்திருந்தேன். வாசல் விளக்கு, கூடத்தில் ஒரு பல்பு, கீசருக்கு 16 ஆம்பியர் பிளக், அப்புறம் அமெரிக்காவிலிருந்து அக்கா வாங்கி வந்த கேமரா. ஒன்றரை வருடம் ஒரு தொல்லையும் இல்லை. போன மாதம் பழைய ரவுட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார்கள். "இது 5ஜி ம்மா, ஸ்பீடு பிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாராம் மாட்டிய தம்பி. வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் மாறிவிட்டதால், அன்று சாயங்காலமே நான்கும் படுத்துவிட்டன. மறுபடி இணைக்கப் பார்த்தால் அதுவும் நடக்கவில்லை.

ரவுட்டரில் வரும் அந்த 5ஜி, மொபைல் 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அவ்வளவுதான். இந்தப் பெயர்க் குழப்பத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் விற்பனை நடக்கிறது, அது தனிக் கதை. விலை குறைந்த பல்பு, பிளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2.4 சுவரைத் தாண்டி நன்றாகப் போகும். ஒரு விளக்கை அணைக்க வேகம் எதற்கு? சிக்கல் என்னவென்றால், இப்போதைய ரவுட்டர்கள் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைக்கின்றன. போன் 5-இல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பல சாதனங்கள் முதல்முறை இணையும்போது, போன் காற்றில் அனுப்பும் தகவலை ஒட்டுக்கேட்டுத்தான் பாஸ்வேர்டைத் தெரிந்துகொள்கின்றன. பல்பு 2.4-இல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க, போன் 5-இல் பேசினால் எப்படிக் கேட்கும்? ஐந்து நிமிடம் கழித்துச் செயலி சொல்வது ஒரே வரி: "சாதனத்தைக் கண்டறிய முடியவில்லை." போன் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடிகிற ஆண்ட்ராய்டு செயலி, அதை ஏன் சொல்லக் கூடாது?

ரவுட்டர் மாட்டுகிறவர்களிடம் என் விண்ணப்பம் மிகச் சின்னது. பழையதைக் கழற்றும் முன் "பழைய வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் என்னம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புதிய ரவுட்டரின் 2.4-க்கு அதே பெயரை, அதே பாஸ்வேர்டை, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் வையுங்கள். 5-க்கு வேறு பெயர் கொடுங்கள். வைஃபைக்குப் பூட்டுப் போடும் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால், அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வையும் சேர்த்து அனுமதியுங்கள். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 பழைய பிளக்குகளுக்குத் தெரியாது. பிறகு எந்தச் சாதனத்தையும் தொடவே வேண்டாம், தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று நாளும் ஒரு பஸ் பயணமும் ஆனது. பழைய பாஸ்வேர்டை அம்மா மளிகைக் கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். அதைப் போட்டதும் இரண்டு நிமிடத்தில் மூன்று சாதனங்கள் உயிர் பெற்றன. கேமரா மட்டும் வரவில்லை. கடைசியில் பார்த்தால், 2.4 அலைவரிசைக்குள் எண் போட்டுப் பிரித்த தடங்களான சேனல்களில், ரவுட்டர் தானாகவே 13-ஆம் சேனலைப் பிடித்திருந்தது. இந்தியாவில் அதற்கு அனுமதி உண்டு. அமெரிக்காவுக்காகச் செய்த கேமரா 11-க்கு மேல் எட்டிப் பார்ப்பதே இல்லை. 6-ஆம் சேனலுக்கு மாற்றினேன், வந்துவிட்டது. பக்கத்து வீடுகளின் வைஃபை நெருக்கும் தெருக்களில் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றைக் கையால் வைத்துவிடுவதே நல்லது. மற்றவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

சாதனம் செய்கிறவர்களே, "2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்" என்பதைப் பெட்டியின் முன்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை காலத்துக்கு வரும் என்பதையே வாங்குகிறவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு அலைவரிசையைச் சொல்வதில் என்ன கஷ்டம்? மேட்டர் முத்திரை இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று பேச 2022-இல் வந்த அந்தப் பொது மொழியைப் பேசும் வைஃபை பல்பும் பெரும்பாலும் இதே 2.4-இல்தான் போகிறது.

மின்சாரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் உங்கள் பிளக் சில விநாடியில் விழித்துக்கொள்கிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்திருக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதுவரை சலிக்காமல் முயன்றுகொண்டே இருக்கும்படி செய்யக் கூடாதா? இன்னொன்று இதைவிட மோசம். பல பல்புகளில் சுவிட்சை வேகமாக மூன்று முதல் ஐந்து முறை அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதல் நிலைக்குப் போய், மறுபடி இணைக்கச் சொல்லிச் சிமிட்ட ஆரம்பித்துவிடும். கரண்ட் ஒழுங்காக வருகிற ஊருக்கு இது நல்ல யோசனைதான். மழைக்காற்றில் லைன் விட்டு விட்டு வருகிற எங்கள் தெருவில், சுவிட்சைத் தொடாமலே அந்த வேலை நடந்துவிடுகிறது.

போன வாரம் அப்படித்தான் ஆனது. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன்: "கூடத்துல பல்பு பேய் புடிச்ச மாதிரி சிமிட்டுதுடா." போனிலேயே வழி சொல்கிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்று வைத்துவிட்டார். மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைக் கழற்றிவிட்டு, சாதாரண 9 வாட் எல்இடி பல்பு போட்டுக்கொண்டார். பழையதைத் திரும்ப மாட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
நோட்டின் பின்னட்டையைப் போட்டோ எடுத்து வைத்திருக்கும் ஒரு மகன்